கடலுக்குப் போனவர் எங்கே உறங்குகிறார்?

கரையோரப் பிரதேசங்களில் வாழும் பல குடும்பங்களில், கடலுக்குப் போன ஒருவரைப் பற்றிய கதை இன்றும் பேசப்படுகின்றது. பூட்டனார் வெள்ளைக்காரரின் கப்பலில் வேலை பார்த்தார் என்பார்கள். அம்மம்மாவின் தமையன் யுத்த காலத்தில் கடற்படையில் சேர்ந்தார் என்பார்கள். எந்தக் கப்பல், எந்த ஆண்டு, எங்கே இறந்தார், எங்கே அடக்கம் செய்தார்கள் என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. நிலத்தில் இறந்தவருக்கு ஒரு சேமக்காலை, ஒரு மையவாடி, ஒரு சுடலை என்று ஏதோவொரு இடம் இருக்கின்றது. கடலோடு போனவருக்கு எது இடம்?

இக்கேள்வியை வயதானவர்களின் வீண் ஏக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க ஆய்வாளரான போலின் பொஸ், வியட்நாம் யுத்தத்தில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு 1970களில் பணியாற்றியபோது, அம்மனைவியரின் துயரம் சாதாரண மரணத் துயரத்திலிருந்து வேறுபட்டிருப்பதைக் கண்டார். அதற்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயரிட்டார். இறந்தார் என்று அழவும் முடியாது, வருவார் என்று காத்திருக்கவும் முடியாது. எமது நாட்டில், குறிப்பாக வடக்கு கிழக்கில், இதை நூல் படித்து அறிய வேண்டிய தேவை எந்தப் பெண்ணுக்கும் இல்லை. ஒரு பெயர், ஒரு திகதி, ஓர் இடம் ஆகிய மூன்றும் கிடைப்பது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நாம் அறிவோம்.

கடற்படையில் சேவை செய்த ஒரு மூதாதையரைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி, அத்தேடலில் பெண்களின் பங்கு என்ன என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

திருகோணமலையில் ஓர் அட்மிரல்

ஜேன் ஒஸ்டின் என்ற ஆங்கில நாவலாசிரியையின் பெயரை எமது வாசகியர் பலர் அறிந்திருப்பர். அவருடைய கடைசித் தம்பி திருகோணமலையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. அவர் பெயர் சார்ள்ஸ் ஜோன் ஒஸ்டின். ஒரு கடற்படையாளரின் வாழ்வைப் பதிவுகளின் வழியே எவ்வாறு பின்தொடரலாம் என்பதற்கு அவர் நல்ல உதாரணம்.

1779ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹம்ப்ஷயர் மாவட்டத்தில் ஒரு பாதிரியாரின் வீட்டில் பிறந்த சார்ள்ஸ், 1791இல், 12 வயதுச் சிறுவனாக, போர்ட்ஸ்மவுத் நகரிலிருந்த கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார். 1797இல் லெப்டினன்ட் ஆனார். 1816இல் அவருடைய 'பீனிக்ஸ்' என்ற கப்பல் துருக்கிக் கரையோரத்தில் புயலில் சிக்கி உடைந்தது. கடற்படை வழக்கப்படி அவர் இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். 1846இல் ரியர் அட்மிரல் ஆன அவர், 1850இல் கிழக்கிந்திய, சீனக் கடற்பகுதிகளின் பிரதம தளபதியாக நியமனம் பெற்றார். 1852இல் இரண்டாவது ஆங்கிலோ பர்மிய யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, ஐராவதி ஆற்றில் 'புளூட்டோ' என்ற நீராவிக் கப்பலில், ஒக்டோபர் 7ஆம் திகதி வாந்திபேதியால் உயிரிழந்தார். வயது 73. திருகோணமலையில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிறந்த இடம் ஒரு நாடு, இறந்த இடம் இன்னொரு நாடு, உறங்கும் இடம் மற்றொரு நாடு. கடற்படையாளரின் வாழ்வு பெரும்பாலும் இப்படித்தான் சிதறிக் கிடக்கும். ஆயினும் அவர் அதிகாரியாக இருந்தமையால் ஒவ்வொரு படியும் எழுத்தில் உள்ளது. 1849இல் ஓபேர்ண் என்பவர், அன்று உயிரோடிருந்த கடற்படை அதிகாரிகள் அனைவரினதும் சேவை விபரங்களைத் தொகுத்து ஒரு பெரிய அகராதியை வெளியிட்டார். லண்டனுக்கு அருகே கியூ என்னுமிடத்தில் உள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் அதிகாரிகளின் சேவைப் பதிவேடுகளும், கப்பல்களின் நாட்பதிவுகளும், இராணுவ நீதிமன்ற விசாரணைப் பத்திரங்களும் பாதுகாக்கப்படுகின்றன. எமது நாட்டிலும் ஜே. பென்றி லூயிஸ் என்ற சிவில் அதிகாரி பழைய கல்லறைக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1913இல் ஒரு நூலாக வெளியிட்டார். கல் தேய்ந்து எழுத்து மறைந்த பின்னரும் பெயரைக் கண்டுபிடிக்க உதவும் நூல் அது.

பதிவேடு சொல்லாத கதை

ஆனால் இத்தனை பதிவேடுகளையும் புரட்டினாலும் சார்ள்ஸ் எப்படிப்பட்ட மனிதர் என்பது தெரியவராது. அதைச் சொல்பவர்கள் அவர் வீட்டுப் பெண்களே.

1801இல் எதிரிக் கப்பல் ஒன்றைப் பிடித்ததற்கான தனது பங்காக அவருக்கு 30 பவுண் கிடைத்தது. அந்தப் பணத்தில் அவர் தனது இரு அக்காமாருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகக் கல் பதித்த சிலுவையும் வாங்கினார். இச்செய்தி கடற்படையின் எந்தப் பதிவிலும் இல்லை. ஜேன் தன் அக்கா கசன்ட்ராவுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கின்றது. 1814இல் வெளிவந்த 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில் கடற்படையில் சேர்ந்த அண்ணன் தன் தங்கைக்குச் சிலுவை ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பதாக வருவதும் இதை அறிந்தவர்களுக்கு வேறு விதமாகப் புரியும். அந்த இரு சிலுவைகளும் சோட்டன் கிராமத்தில் ஜேன் வாழ்ந்த வீட்டில், இன்று நூதனசாலையாக உள்ள இடத்தில், பாதுகாக்கப்படுகின்றன.

சார்ள்ஸின் மனைவி ஃபனி பாமரின் கதை இன்னும் மனதைத் தொடுவது. பெர்முடாத் தீவில் 1807இல் அவரை மணந்த ஃபனி, கணவன் கடமையாற்றிய 'நேமூர்' கப்பலிலேயே சிறு பெண்பிள்ளைகளோடு குடித்தனம் நடத்தினார். 1814 செப்டெம்பரில் நான்காவது குழந்தையைப் பெற்ற சில நாட்களில் அந்தக் கப்பலிலேயே இறந்தார். பிறந்த குழந்தையும் அதே மாதத்தில் இறந்தது. சேவைப் பதிவேடு கணவனுடையது. அதில் மனைவிக்கு இடமில்லை. ஃபனி தன் உறவினருக்கு எழுதிய கடிதங்கள் சில தப்பியிருந்தன. அவற்றை வைத்தே ஷீலா ஜோன்சன் கின்ட்ரட் என்ற ஆய்வாளர் 2017இல் அவரைப் பற்றி ஒரு முழு நூலை எழுத முடிந்தது.

அரசாங்கம் கப்பலின் கணக்கை வைத்திருக்கின்றது. மனிதனின் கணக்கை வீடு வைத்திருக்கின்றது. இவ்விரண்டும் ஒன்று சேரும்போதுதான் காணாமற்போனவர் கிடைக்கின்றார்.

இரண்டு எழுத்தில் ஒரு மரணம்

அட்மிரலைத் தேடுவது இலகு. சாதாரண மாலுமியைத் தேடுவது அப்படியன்று. பிரித்தானியக் கடற்படையில் 1853ஆம் ஆண்டுவரை மாலுமிகளுக்குத் தொடர் சேவைப் பதிவு இருக்கவில்லை. ஒரு கப்பலில் சேர்வார்கள், பயணம் முடிந்ததும் விலகுவார்கள். ஆகவே அதற்கு முற்பட்ட காலத்தவரைத் தேடுபவர் முதலில் கப்பலின் பெயரை அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கப்பலிலும் ஆட்டொகைப் பதிவேடு என்ற ஒன்று இருந்தது. மாலுமியின் பெயர், பிறந்த ஊர், வயது, சேர்ந்த திகதி ஆகியவற்றை அதில் எழுதினார்கள். பெயருக்கு எதிரே 'டி' என்று ஓர் எழுத்து இருந்தால் அவர் கப்பலை விட்டு விலகினார் என்று பொருள். 'டி டி' என்று இரண்டு எழுத்து இருந்தால் இறந்து விலகினார் என்று பொருள். 'ஆர்' என்று இருந்தால் தப்பியோடினார். ஒரு மனிதனின் முடிவு அந்த இரண்டு எழுத்துக்குள் அடங்கிவிடுகின்றது. கடலில் இறந்தவர்களைப் பெரும்பாலும் கடலிலேயே அடக்கம் செய்தார்கள். தேடி வரும் பேரப்பிள்ளைக்கு அந்த இரண்டு எழுத்தும் கப்பல் அன்று நின்ற இடமுமே கல்லறை.

கப்பலின் பெயர் தெரியாவிட்டால் என்ன செய்வது? இங்கேயும் ஒரு பெண்ணின் பெயர் கை கொடுக்கின்றது. 1795ஆம் ஆண்டிலிருந்து மாலுமிகள் தமது சம்பளத்தில் ஒரு பங்கை மனைவிக்கோ தாய்க்கோ நேரடியாகக் கிடைக்கச் செய்யச் சட்டத்தில் வழி இருந்தது. இதற்கெனத் தனியான பதிவேடுகள் இருந்தன. கணவனின் கப்பல், மனைவியின் பெயர், அவள் வாழ்ந்த ஊர் என்பன அவற்றில் எழுதப்பட்டன. 1852 வரையான இப்பதிவேடுகள் கியூவில் உள்ளன. இறந்த அதிகாரிகளின் விதவைகள் உதவிப் பணம் பெறுவதற்குத் திருமணச் சான்றைச் சமர்ப்பிக்க வேண்டியிருந்தது. அந்தப் பத்திரங்களிலும் ஒரு பகுதி இன்று வரை இருக்கின்றது. வீட்டுச் செலவுக்காகவும் பிள்ளைகளின் பசிக்காகவும் பெண்கள் கொடுத்த விண்ணப்பங்கள், இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் அவர்களின் கணவன்மாரைத் தேடிக்கொடுக்கின்றன.

கல்லறை இல்லாதவர்கள்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி, ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அதே நாளில், மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான 'ஹேர்மிஸ்' மூழ்கடிக்கப்பட்டது. அதன் கப்டன் உட்பட 307 பேர் மாண்டனர். அக்கப்பல் இன்றும் எமது கடலின் அடியில் கிடக்கின்றது. உயிர் தப்பிய நூற்றுக்கணக்கானோரை 'வீட்டா' என்ற வைத்தியசாலைக் கப்பல் கரை சேர்த்தது.

மாண்ட அந்த மாலுமிகளின் பேரப்பிள்ளைகள் எங்கே போய் மலர் வைப்பது? இப்படிப்பட்டவர்களுக்காகவே பிரித்தானியாவில் போர்ட்ஸ்மவுத், பிளைமவுத், சத்தம் ஆகிய மூன்று கடற்படை நகரங்களிலும் ஒரே வடிவில் உயர்ந்த நினைவுத்தூண்கள் எழுப்பப்பட்டுள்ளன. கடலில் இறந்து உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் அவற்றைச் சூழ்ந்த பலகைகளில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கல்லறை இல்லாதவருக்குப் பெயரே கல்லறை.

உடல் கிடைத்தவர்களுக்கு யுத்த மயானங்கள் உண்டு. திருகோணமலையிலிருந்து நிலாவெளி செல்லும் வீதியோரமாக உள்ள யுத்த மயானத்தில் இரண்டாம் உலக யுத்த காலத்தில் இறந்த 300க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். கண்டியிலும் கொழும்பு லிவரமெந்து மயானத்திலும் இத்தகைய கல்லறைகள் உள்ளன. 1917இல் ஆரம்பிக்கப்பட்ட பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழு இவற்றுக்குப் பொறுப்பானது. இரு உலக யுத்தங்களிலும் இறந்த சுமார் 17 இலட்சம் பேரின் விபரங்கள் அதனிடம் உண்டு. அதிகாரிக்கும் சாதாரண மாலுமிக்கும் ஒரே மாதிரியான கல் என்பது அதன் கொள்கை.

எங்கள் மாலுமிகள் எங்கே?

கொள்கை அப்படியிருந்தாலும் எல்லோருக்கும் அது கிடைக்கவில்லை. 2021இல் அந்த ஆணைக்குழுவே வெளியிட்ட அறிக்கையில், முதலாம் உலக யுத்தத்தில் இறந்த ஆபிரிக்க, மத்திய கிழக்கு நாட்டவர்களில் குறைந்தது 116,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்பதை ஏற்றுக்கொண்டு மன்னிப்புக் கோரியது. வெள்ளையருக்குக் கல், கறுப்பருக்கு எண்ணிக்கை என்பதே அன்றைய நிலைமையாக இருந்துள்ளது.

தென்னாசிய மாலுமிகள் ஏராளமானோர் 'லஸ்கர்' என்ற பொதுப் பெயரில் பிரித்தானியக் கப்பல்களில் கரி அள்ளினார்கள், இயந்திர அறையில் வெந்தார்கள், சமைத்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் கடலில் மாண்ட இந்தியக் கடற்படையினரும் வணிகக் கப்பல் மாலுமிகளுமாக 6,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் மும்பாயிலும் சிட்டகொங்கிலும் வைக்கப்பட்டுள்ள நினைவுப் புத்தகங்களில் உள்ளன. இலங்கையைப் பொறுத்தவரை, 1938இல் இலங்கைக் கடற்படைத் தொண்டர் படை இயங்கத் தொடங்கியது. 1943இல் அது பிரித்தானியக் கடற்படையின் தொண்டர் பிரிவாகியது. 1950 டிசெம்பர் 9ஆம் திகதி அரச இலங்கைக் கடற்படை உருவானது. எமது பெரியவர்கள் 'நேவியில் இருந்தவர்' என்று சொன்னால், இவற்றில் எது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

கிழக்கில் ஒரு கிராமத்தில் பணியாற்றிய காலத்தில் வயது முதிர்ந்த ஓர் அம்மாவைச் சந்தித்தேன். யுத்த காலத் தொண்டர் படையில் இருந்த தன் தகப்பனாரின் ஒரேயொரு கடிதத்தை அவர் றங்குப் பெட்டியில் பழைய சேலைத் துண்டொன்றில் சுற்றி வைத்திருந்தார். 1990இல் இடம்பெயர்ந்தபோது வீடு போயிற்று, மாடு போயிற்று. அந்தப் பெட்டி மட்டும் தலையில் வந்தது. கடிதத்தின் மேலே எழுதியிருந்த இலக்கம் என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. லொத்தர் இலக்கம் என்று பேரன்மார் பகிடி பண்ணினார்களாம். அது அவருடைய சேவை இலக்கம். தகப்பனார் யுத்தம் முடிந்து உயிரோடு திரும்பி, ஊரிலேயே காலமானவர். ஆனால் சேமக்காலையில் நட்ட மரச் சிலுவை இடப்பெயர்வுக் காலத்தில் இல்லாமற் போய்விட்டது. கடல் விட்டுவைத்தவரை நிலம் தொலைத்துவிட்டது.

"புளியமரத்துக்கு நேரே, மதிலில இருந்து ரெண்டாவது வரிசை, பிள்ளை" என்று அம்மா சொன்னார். பேரன்மார் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிச் சென்று இடத்தைக் காட்டச் சொல்லி, சீமெந்தில் ஒரு சிறு கல் வைத்தார்கள். பெயருக்குக் கீழே அந்த இலக்கத்தையும் எழுதினார்கள். அடுத்த வருடம் அம்மாவும் காலமானார். அவர் இருக்கும்போதே கேட்டிருக்காவிட்டால் அந்த இடத்தை எந்தத் திணைக்களமும் சொல்லியிராது.

எங்கிருந்து தொடங்குவது?

தேடலை வெளிநாட்டு இணையத்தளத்தில் தொடங்க வேண்டாம்; வீட்டில் தொடங்குங்கள்.

முதலாவதாக, வயதானவர்களிடம் கேளுங்கள். குறிப்பாகப் பெண்களிடம் கேளுங்கள். "அவர் எப்போது போனார்?" என்று கேட்டால் ஆண்டு ஞாபகம் வராது. "மூத்த பிள்ளை பிறந்த பிறகா, முன்னரா?" என்று கேட்டால் உடனே சொல்வார்கள்.

இரண்டாவதாக, கடதாசிகளைப் பாருங்கள். பழைய கடித உறை, சேவையிலிருந்து விலகிய பத்திரம், சீருடையோடு எடுத்த படம், பதக்கம், ஓய்வூதியத் துண்டு எதையும் எறியாதீர்கள். தொப்பிப் பட்டியில் கப்பலின் பெயர் இருக்கலாம். பதக்கத்தின் விளிம்பில் பெயர் பொறித்திருக்கலாம். படத்தின் பின்புறத்தையும் பாருங்கள்.

மூன்றாவதாக, பெயரைப் பல விதமாக எழுதிப் பாருங்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரே முதலெழுத்து. கந்தையா என்ற பெயரை ஆங்கில எழுதுவினைஞர் தன் காதில் விழுந்தபடி நாலு விதமாக எழுதியிருப்பார். தகப்பன் பெயரை மகனின் பெயராகவும் பதிந்திருப்பார்.

நான்காவதாக, இறந்த காலத்தைக் கவனியுங்கள். 1914 ஓகஸ்ட் 4 முதல் 1921 ஓகஸ்ட் 31 வரையிலும், 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசெம்பர் 31 வரையிலும் சேவையில் இருந்து இறந்தவர்களின் விபரங்கள் யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் உள்ளன. பெயரைக் கொடுத்து இலவசமாகத் தேடலாம். மயானத்தின் பெயரும் கல்லறையின் வரிசையும் இலக்கமும் கிடைக்கும். பிரித்தானியக் கடற்படையில் சேவை செய்தவர்களின் பழைய பதிவுகளைக் கியூவில் தேட வேண்டும்.

ஐந்தாவதாக, உள்நாட்டுப் பதிவுகளை மறக்க வேண்டாம். மரணச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் திருமண, மரணக் குறிப்புகள் இருக்கும். கொழும்பில் உள்ள தேசிய சுவடிகள் கூடத் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகளைப் பார்வையிடலாம்.

கடைசியாக, கிடைத்ததை எழுதி வையுங்கள். ஒரு கொப்பியில் பெயர், திகதி, இடம், சொன்னவர் யார் என்பதைக் குறித்து, பிரதி எடுத்து இரண்டு வீடுகளில் வையுங்கள். வெள்ளமும் யுத்தமும் சுனாமியும் கண்ட எங்களுக்கு, ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் வைப்பதன் ஆபத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நமது பொறுப்பு

ஜேன் ஒஸ்டின் 1817இல் இறந்தபோது வின்செஸ்டர் தேவாலயத்தில் வைத்த கல்லில் அவருடைய நற்குணங்களைப் பற்றி எழுதினார்கள். அவர் எழுதிய நாவல்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. கல் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. பதிவேடும் சொல்லிவிடாது. மீதியைச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்களே.

இலங்கையில் காணாமற்போனவர்களைக் கண்டறிவதற்கான அலுவலகத்தை அமைக்கும் சட்டம் 2016இல் நிறைவேறியது. அலுவலகம் 2018இல் செயற்படத் தொடங்கியது. அதன் வாசலில் படத்தோடு நின்ற தாய்மாரிடம் கேட்கப்பட்ட கேள்விகளும் இவைதாம்: பெயர் என்ன, எந்தத் திகதி, எந்த இடம், என்ன ஆதாரம்? இருநூறு வருடங்களுக்கு முற்பட்ட மாலுமிக்கும் நேற்றுப் போன பிள்ளைக்கும் கேள்வி ஒன்றே. அதற்குப் பதில் சொல்லக்கூடிய கடதாசியை ஆண்டாண்டு காலமாகச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருப்பவர்கள் பெண்கள்.

எனவே, சகோதரிகளே, இந்த மாதம் விடுமுறை நாளொன்றில் உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அம்மம்மாவோ அப்பம்மாவோ இருந்தால் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் கொப்பியைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடியவர் உயிரோடு இருக்கும்போதே, படத்தின் பின்னால் அந்தப் பெயரை எழுதி வைத்துவிடுங்கள்.